கதையில் இறந்தவனுக்குக் கண்ணீர்

வேல்ஸ் நாட்டின் தலைநகரான கார்டிப்பில், ஒரு காலத்தில் நிலக்கரிக் கப்பல்கள் அணிவகுத்து நின்ற துறைமுகப் பகுதி, இப்போது உல்லாசப் பிரயாணிகள் உலாவும் இடமாக மாறியிருக்கிறது. சிற்றுண்டி விடுதிகளும் கடைகளும் நிறைந்த அந்த நீர்த்துறைக்கு 'மெர்மெய்ட் கீ' என்று பெயர். நீர்மட்டத்தை ஒட்டி அங்கே ஒரு பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். 2009ஆம் வருஷம் ஜூலை மாதம் அந்த நடைபாதையின் ஓரத்தில் மலர்க் கொத்துகள் தோன்றின. அடுத்துக் கடிதங்கள் வந்தன. புகைப்படங்கள் வந்தன. கையால் வரைந்த சித்திரங்கள் வந்தன. சில நாட்களுக்குள் அந்த இடம் ஒரு நினைவுச் சின்னமாகவே ஆகிவிட்டது.

விவரம் அறியாத வழிப்போக்கர்கள், யாரோ ஓர் இளைஞன் அந்த இடத்தில் நீரில் விழுந்து மாண்டிருக்க வேண்டும், அவனுடைய உற்றார் உறவினர் வந்து மலர் வைக்கிறார்கள் என்று நினைத்திருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் அந்த இளைஞன் இறக்கவில்லை. இறக்கவில்லை என்பது மட்டுமல்ல. அவன் பிறக்கவே இல்லை!

அவன் பெயர் யான்டோ ஜோன்ஸ். பி.பி.சி. டெலிவிஷனில் நடைபெற்ற 'டார்ச்வுட்' என்ற விஞ்ஞானக் கற்பனைத் தொடரில் வந்த ஒரு பாத்திரம். அந்தப் பாத்திரத்தை ஏற்று நடித்த காரெத் டேவிட்-லாயிட் சௌக்கியமாகவே இருந்தார். செத்தது எழுத்தில் இருந்த ஒருவன். அழுததோ உயிருள்ள ஆயிரக்கணக்கான மனிதர்கள்.

இதைக் கேட்டவுடன் சிரிக்கத் தோன்றும். "இவர்களுக்கு வேறு வேலை இல்லையா?" என்று கேட்கத் தோன்றும். அப்படிக் கேட்டவர்கள் அந்த நாட்டிலும் உண்டு. ஆனால் சிரிப்பதற்கு முன்னால் சற்று நின்று விஷயத்தை விசாரிப்பது நல்லது. அந்தக் கண்ணீருக்குள் சிந்திக்கத் தக்க சங்கதிகள் பல இருக்கின்றன.

யார் இந்த யான்டோ?

'டார்ச்வுட்' 2006ஆம் வருஷம் அக்டோபர் மாதம் ஆரம்பமாயிற்று. பிரிட்டனில் 1963ஆம் வருஷத்தில் தொடங்கிப் பெரும் புகழ் பெற்ற 'டாக்டர் ஹூ' என்ற தொடரின் கிளையாக முளைத்தது அது. இதை உருவாக்கியவர் ரஸ்ஸல் டேவிஸ். வேற்றுக் கிரகங்களிலிருந்து வரும் ஆபத்துக்களைச் சமாளிக்க கார்டிப் நகரத்தின் அடியில், பூமிக்குள் ரகசியமாக இயங்கும் ஒரு சிறு குழுவின் கதை. அந்தக் குழுவின் தலைவன் காப்டன் ஜாக். அவனுக்கு ஒரு விசித்திரம் உண்டு. எத்தனை முறை கொன்றாலும் அவன் மறுபடி எழுந்துவிடுவான். சாவு அவனைத் தீண்டாது.

அந்தக் குழுவில் யான்டோ மிகச் சாதாரணமானவன். வாயிலில் உட்கார்ந்து வருவோரைக் கவனிப்பது, கோப்புக்களை ஒழுங்குபடுத்துவது, எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுப்பது ஆகியவையே அவனுடைய வேலைகள். எப்போதும் மடிப்புக் கலையாத 'சூட்' அணிந்திருப்பான். அதிகம் பேசமாட்டான். முதலில் அவனைப் பார்வையாளர்கள் கவனித்ததே குறைவு. ஆனால் அமைதியாக நிற்கும் பிள்ளையின் மீது வீட்டில் உள்ளவர்களுக்குப் பாசம் வளர்வதுபோல, வாரத்துக்கு வாரம் அவன்மீது அபிமானம் வளர்ந்தது. அவனுக்கும் காப்டன் ஜாக்குக்கும் இடையே அன்பு மலர்ந்து, அது காதலாகவும் ஆயிற்று. ஆணும் ஆணும் காதலிப்பதைப் பரிகாசப் பொருளாக்காமல், மற்றக் காதலைப்போலவே இயல்பாகக் காட்டிய தொடர் என்று பலரும் அதைப் பாராட்டினார்கள். வெளியே சொல்லாமல் மனத்துக்குள் மறைத்து வாழ்ந்த எத்தனையோ இளைஞர்கள், டெலிவிஷன் பெட்டியில் தங்களைப் போன்ற ஒருவனைக் கண்டு ஆறுதல் பெற்றார்கள்.

சாகாத ஒருவன், சாகக்கூடிய ஒருவன். இருவருக்கும் காதல். முடிவு என்ன ஆகும் என்பதை அனுபவமுள்ள வாசகர்கள் ஊகித்திருப்பார்கள். ஆயினும் முடிவு தெரிந்திருப்பது வேறு. அது கண்முன் நடப்பது வேறு.

ஐந்து இரவுகள்

2009ஆம் வருஷம் ஜூலை 6ஆம் தேதி திங்கட்கிழமை முதல் 10ஆம் தேதி வெள்ளிக்கிழமை வரையில், தொடர்ந்து ஐந்து இரவுகள் 'பூமியின் குழந்தைகள்' என்று பொருள்படும் பெயரில் 'டார்ச்வுட்' கதை ஒளிபரப்பாயிற்று. ஒவ்வோர் இரவும் 50 லட்சம் பேருக்கு மேல் அதைப் பார்த்தார்கள்.

கதை இதுதான். உலகம் முழுவதும் உள்ள குழந்தைகள் ஒரே கணத்தில் அசையாமல் நிற்கிறார்கள். ஒரே குரலில் பேசுகிறார்கள். வேற்றுக் கிரகத்து ஜீவன்கள் அவர்கள் வாயிலாகத் தங்கள் வருகையை அறிவிக்கின்றன. வந்தபின் அவை கேட்பது என்ன தெரியுமா? உலகத்துக் குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பேர்! கொடுக்காவிட்டால் மனித குலத்தையே அழித்துவிடுவதாக மிரட்டுகின்றன.

இந்தக் கொடுக்கல் வாங்கல் புதிதல்ல என்ற ரகசியமும் வெளியாகிறது. 1965ஆம் வருஷத்தில் ஒரு கொடிய காய்ச்சலுக்கு மருந்து பெறுவதற்காக, பிரிட்டிஷ் அதிகாரிகள் 12 அநாதைக் குழந்தைகளை இதே ஜீவன்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். குழந்தைகளைக் கொண்டுபோய் விட்டவர்களில் காப்டன் ஜாக்கும் ஒருவன்.

அடுத்து வரும் காட்சிதான் கதையிலேயே மிகப் பயங்கரமானது. அதில் ராட்சதர்கள் இல்லை, ரத்தம் இல்லை. மந்திரிகள் ஒரு நீண்ட மேஜையைச் சுற்றி அமர்ந்து, எந்தக் குழந்தைகளைக் கொடுப்பது என்று ஆலோசிக்கிறார்கள். தங்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பட்டியலில் சேரக்கூடாது என்பது முதலில் முடிவாகிறது. பிறகு, பரீட்சைத் தேர்ச்சியில் கடைசி இடத்தில் உள்ள பள்ளிக்கூடங்களின் பிள்ளைகளைக் கொடுத்துவிடலாம் என்று தீர்மானமாகிறது. யாரும் கத்தவில்லை, யாரும் அழவில்லை. நிர்வாகப் பிரச்னை ஒன்று தீர்ந்துவிட்டது போன்ற அமைதி! வியாழக்கிழமை இரவு இதைப் பார்த்த பிரிட்டிஷ் ஜனங்கள் தங்கள் நாட்டு ஆட்சி அலுவலகங்களை நினைத்து நடுங்கியிருப்பார்கள்.

அதே இரவில், அதே பகுதியில்தான் யான்டோவின் மரணமும் வருகிறது. லண்டனில் உள்ள தேம்ஸ் மாளிகைக்குள் நுழைந்து, ஒரு குழந்தையைக்கூடக் கொடுக்க முடியாது என்று ஜாக்கும் யான்டோவும் அந்த ஜீவனிடம் சொல்கிறார்கள். பதிலாக அது கட்டடம் முழுவதும் விஷக் கிருமியைப் பரப்பிவிடுகிறது. ஜாக்குக்கு ஒன்றும் ஆகாது. யான்டோ அவன் மடியில் சாய்கிறான். இன்னும் ஆயிரம் வருஷம் கழித்து நீ என்னை மறந்துவிடுவாய் என்று சொல்கிறான். மறக்கமாட்டேன் என்று ஜாக் வாக்குக் கொடுக்கிறான். அவ்வளவுதான், கதை முடிந்துவிட்டது.

பெரிய வீரச் செயல் எதுவும் நிகழவில்லை. உலகத்தைக் காப்பாற்றிவிட்டு அவன் சாகவில்லை. எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னான், செத்தான். கார்டிப் நீர்த்துறையில் மலர்கள் குவிந்தது இதற்காகத்தான். பூமிக்குள் இருப்பதாகக் கதையில் சொல்லப்பட்ட அலுவலகத்துக்கு வாயிலாகக் காட்டப்பட்ட கதவு அங்கேதான் இருந்தது. யான்டோ தினந்தோறும் உட்கார்ந்திருந்த இடம் அது என்பது ரசிகர்களின் கணக்கு.

பழைய கண்ணீர்

கதாபாத்திரத்துக்காக அழுவது டெலிவிஷன் காலத்துப் புதிய பைத்தியம் என்று எண்ண வேண்டாம். 1893ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 'ஸ்ட்ராண்ட்' சஞ்சிகையில் ஆர்தர் கானன் டாயில் தம்முடைய துப்பறியும் நிபுணர் ஷெர்லக் ஹோம்ஸை ஸ்விட்சர்லாந்து நீர்வீழ்ச்சி ஒன்றில் விழுந்து இறக்கச் செய்தார். சந்தாவை நிறுத்திக்கொண்ட வாசகர்கள் 20,000 பேர் என்று சொல்வதுண்டு. ஆசிரியருக்கு வந்த கோபக் கடிதங்களுக்குக் கணக்கில்லை. பத்து வருஷங்களுக்குப் பிறகு 1903இல், ஹோம்ஸ் சாகவே இல்லை என்று எழுதி அவரை அழைத்து வர நேர்ந்தது.

டெலிவிஷனிலும் இது முதல் தடவை அல்ல. 1982ஆம் வருஷம் மார்ச் மாதம் 'டாக்டர் ஹூ' தொடரில் ஆட்ரிக் என்ற இளைஞன் விண்கலத்தோடு வெடித்து மடிந்தான். வழக்கமாக முடிவில் ஒலிக்கும் சங்கீதம் அன்று ஒலிக்கவில்லை. அவனுடைய உடைந்த சின்னத்தின் மீது பெயர்கள் மட்டும் மௌனமாக நகர்ந்தன. அந்த மௌனத்தை அன்று சிறுவர்களாக இருந்தவர்கள் முதுமையை எட்டும் வயதிலும் மறக்கவில்லை.

ஆனால் விஞ்ஞானக் கற்பனைக் கதையில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. சாதாரணக் கதையில் இறந்தவன் இறந்தவன்தான். விஞ்ஞானக் கற்பனையில் காலத்தில் பின்னோக்கிப் போகலாம். செத்தவனை எழுப்பும் கருவி இருக்கலாம். 'டார்ச்வுட்' தொடரிலேயே ஓவன் என்ற வைத்தியன் சுடப்பட்டு இறந்து, மாயக் கையுறை ஒன்றினால் எழுப்பப்பட்டவன்தான். காப்டன் ஜாக்கின் கதையோ கேட்கவே வேண்டாம். அப்படியிருக்க, "யான்டோவுக்கு மட்டும் ஏன் வழியில்லை?" என்று ரசிகர்கள் கேட்டது அறியாமையால் அல்ல. அத்தகைய நம்பிக்கையை அந்தக் கதையே அவர்களுக்கு ஊட்டி வளர்த்திருந்தது. ஊட்டிய கையே தட்டிப் பறித்தபோது வலி இரட்டிப்பாயிற்று.

எய்தவன் இருக்க...

துக்கம் ஒரு பக்கம். கோபம் மறுபக்கம். துக்கப்பட்டவர்களை நாம் குறை சொல்லவில்லை. கோபம் போன வழியைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்றாவது நாள் கதையை எழுதுவதில் பங்குகொண்டவர் ஜேம்ஸ் மோரன் என்ற எழுத்தாளர். ரசிகர்களோடு தாராளமாகப் பேசிப் பழகும் சுபாவம் உள்ளவர். யான்டோ இறந்த மறுநாளிலிருந்து அவருக்கு வந்து குவிந்த செய்திகளில், அன்பான சொற்களுக்கு நடுவே வசைகளும் ஏராளமாக இருந்தன. வேண்டுமென்றே எங்களை ஏமாற்றினீர்கள், புண்படுத்தினீர்கள் என்றெல்லாம் குற்றச்சாட்டுகள். மனம் நொந்த அவர், எழுத்தாளனும் ஒரு மனிதன்தான் என்பதை நினைவூட்டும் பதில் ஒன்றை எழுதிவிட்டு, ரசிகர்களோடு பேசுவதிலிருந்து சற்று ஒதுங்கிக்கொண்டார்.

இதில் ஒரு வேடிக்கை. யான்டோ இறக்கும் நான்காவது நாள் கதையை எழுதியவர் ஜான் ஃபே. எல்லாவற்றுக்கும் மேலே நின்று கதையின் போக்கை நடத்தியவர் ரஸ்ஸல் டேவிஸ். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இங்கே அம்பைக்கூட அல்ல, பக்கத்தில் நின்றவரை நொந்திருக்கிறார்கள்! கைக்கு எட்டியவர் அவர். ஆகையால் அடியும் அவருக்கே.

நியாயமான கோபமும் இப்படித்தான் தன் மதிப்பை இழக்கிறது. கதை பிடிக்கவில்லை என்று சொல்ல ஒவ்வொரு ரசிகனுக்கும் பூரண உரிமை உண்டு. ஏன் பிடிக்கவில்லை என்று காரணம் காட்டி வாதாடலாம். அடுத்த பகுதியைப் பார்க்காமலே இருந்துவிடலாம். ஆனால் எழுதியவரின் பிறப்பையும் குணத்தையும் இழுத்துப் பேசுவது விமரிசனம் ஆகாது. யான்டோ கதைப் பாத்திரம், அவனுக்கு வலிக்காது. வசை கேட்டவர் ரத்தமும் சதையும் உள்ளவர், அவருக்கு வலிக்கும். கற்பனை மனிதனுக்கு இரங்கும் நெஞ்சம், உண்மை மனிதனிடம் இரக்கத்தை மறந்துவிட்டால் அந்தக் கண்ணீருக்கு என்ன பொருள்?

அழுகைக்கு நான்கு காரணம்

அழுகை என்ற மெய்ப்பாடு நான்கு காரணங்களால் பிறக்கும் என்று தொல்காப்பியர் வகுத்திருக்கிறார். பிறரால் இழிவுபடுத்தப்படுவது ஒன்று. உற்றாரையோ உரிய பொருளையோ இழப்பது ஒன்று. பழைய நிலை கெட்டுத் தளர்வது ஒன்று. வறுமை ஒன்று. இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன அவற்றின் பெயர்கள். கார்டிப் சுவரில் இருந்த கண்ணீரில் பெரும்பகுதி இழவால் வந்தது. ஆனால் அதில் இளிவும் கலந்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

"ஆண் ஆணையும் பெண் பெண்ணையும் நேசிக்கும் பாத்திரங்களைக் கதைகளில் கொண்டுவருவதே அபூர்வம். கொண்டுவந்தாலும் கடைசியில் கொன்றுவிடுகிறார்கள். எங்களுக்கு மட்டும் இன்பமான முடிவு கிடையாதா?" என்று பல ரசிகர்கள் கேட்டார்கள். இந்தக் கேள்வி 2009இல் அடங்கிவிடவில்லை. ஏழு வருஷங்களுக்குப் பிறகு அமெரிக்காவில் இன்னும் பலமாக எழுந்தது.

'தி ஹண்ட்ரட்' என்பது அணுகுண்டு யுத்தத்தால் அழிந்த உலகில் எஞ்சியவர்களைப் பற்றிய விஞ்ஞானக் கற்பனைத் தொடர். அதில் லெக்ஸா என்ற பெண், பல கூட்டத்தாருக்குத் தலைவி. 2016ஆம் வருஷம் மார்ச் 3ஆம் தேதி ஒளிபரப்பான பகுதியில், அவளும் கிளார்க் என்ற பெண்ணும் தங்கள் காதலை வெளிப்படுத்திக் கூடிய சற்று நேரத்துக்குள், வேறொருவருக்குக் குறி வைத்த துப்பாக்கிக் குண்டு தவறிப் பாய்ந்து லெக்ஸா இறந்துபோகிறாள். பார்த்துக் கொண்டிருந்த இளம் பெண்கள் பலருக்கு அது தங்கள் மீது பாய்ந்த குண்டாகவே தோன்றியது. இந்தப் பாத்திரம் நீடிக்கும் என்ற எண்ணத்தைத் தயாரிப்பாளர்களே வளர்த்துவிட்டு, பிறகு இப்படிச் செய்தார்கள் என்பது அவர்களுடைய முக்கியப் புகார்.

லெக்ஸாவாக நடித்த நடிகைக்கு வேறொரு தொடரில் வேலை இருந்தது. ஆகவே பாத்திரத்தை அனுப்பியாக வேண்டியிருந்தது என்பது உண்மை. ஆனால் அனுப்புவதற்கு ஆயிரம் வழிகள் உண்டு. போருக்குப் போகலாம், தூரதேசம் போகலாம். இறந்தே தீர வேண்டும் என்றாலும், தன் பதவிக்கும் வீரத்துக்கும் ஏற்ற சாவு சாகலாம். தவறிப் பாய்ந்த ஒரு குண்டுக்கு அவளைப் பலியாக்கியதில் இழவோடு இளிவும் சேர்ந்துகொண்டது. அந்த மாதத்திலேயே தொடரின் தலைமைத் தயாரிப்பாளர் ஜேசன் ராத்தன்பர்க், ரசிகர்களுக்கு ஏற்பட்ட வேதனைக்கு வருத்தம் தெரிவித்துப் பகிரங்கமாக எழுதினார். கனடா தேசத்து எழுத்தாளர்கள் சிலர், இத்தகைய பாத்திரங்களை மற்றவர்களின் கதையை நகர்த்துவதற்காக மட்டும் கொல்லமாட்டோம் என்பது போன்ற வாசகங்கள் அடங்கிய உறுதிமொழி ஒன்றைத் தயாரித்தார்கள். அதற்கு லெக்ஸாவின் பெயரையே சூட்டினார்கள்.

எழுத்தாளனின் உரிமை

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ரசிகர்கள் அழுகிறார்கள் என்பதற்காக எழுத்தாளன் யாரையும் சாகவிடக் கூடாதா? உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட்டுவிட்டுக் கதை எழுத முடியுமா?

முடியாது என்றே நாம் கருதுகிறோம். சாவே இல்லாத கதையில் வாழ்வுக்கும் மதிப்பில்லை. யான்டோ உயிரோடு திரும்பி, அடுத்த வாரம் வழக்கம்போல் காப்பி போட ஆரம்பித்திருந்தால், வியாழக்கிழமை இரவின் துயரம் வெறும் தந்திரமாகப் போயிருக்கும். அந்தக் கதை சொல்ல வந்த விஷயம், வல்லவர்கள் பேரம் பேசும்போது எளியவர்கள் செத்துப்போகிறார்கள் என்பது. அந்த உண்மைக்கு ஒரு விலை கொடுத்தாக வேண்டும். நாம் அறியாத யாரோ ஒருவன் இறந்திருந்தால், நாமும் மந்திரிகளைப் போலவே அமைதியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்போம். நம்மவன் ஒருவன் இறந்தான், ஆகையால் துடித்தோம். ரஸ்ஸல் டேவிஸ் ரசிகர்களின் கூக்குரலுக்கு மசியாமல் இருந்தது சரியே.

ஆனால் உரிமை என்பது ஒரு பக்கம் மட்டும் ஓடும் தெரு அல்ல. எழுத்தாளனுக்குக் கொல்லும் உரிமை உண்டு. கொன்றது ஏன் என்று கேட்கும் உரிமை ரசிகனுக்கு உண்டு. கேள்வியைக் காதில் வாங்குவதால் எழுத்தாளனின் கௌரவம் குறைந்துவிடாது. ஒரு மரணம் கதைக்காக நிகழ்ந்ததா, பரபரப்புக்காக நிகழ்ந்ததா என்பதைச் சாதாரண ரசிகனும் எளிதில் கண்டுகொள்கிறான். ஒரே விதமான மனிதர்களே மீண்டும் மீண்டும் பலியாகிறார்கள் என்றால், ஒரு கதையில் நியாயமாகத் தோன்றுவது, நூறு கதைகளைச் சேர்த்துப் பார்க்கும்போது அநியாயமாகிவிடுகிறது. தனி எழுத்தாளன் தன் கதையை மட்டுமே காண்கிறான். நூறையும் சேர்த்துக் காண்பவன் ரசிகன். ஆகவே அவன் சொல்வதற்குச் செவி சாய்ப்பதே விவேகம்.

யான்டோ உயிரோடு வரவில்லை. ஆனால் வேறு வழியில் வந்தான். 2011இல் பி.பி.சி. ரேடியோ நாடகம் ஒன்றில் அவன் ஆவியாக வந்து, தான் இறந்தவன் என்பதை உணர்ந்து, மற்றவர்களுக்காக மறுபடியும் தன்னைத் தியாகம் செய்துகொண்டான். 2015 முதல் வேறொரு நிறுவனத்தார் ஒலி வடிவில் வெளியிட்ட கதைகளில், அவன் இறப்பதற்கு முற்பட்ட நாட்களின் சம்பவங்கள் வந்தன. காரெத் டேவிட்-லாயிடே அவற்றில் குரல் கொடுத்தார். மரணத்தையும் பொய்யாக்காமல், ரசிகர்களையும் வெறுங்கையோடு அனுப்பாமல் கண்டுபிடித்த நல்ல வழி இது.

குழந்தைகளுக்காக

இனி, இந்தச் சம்பவத்தில் நம் மனத்தை மிகவும் கவர்ந்த விஷயத்துக்கு வருவோம்.

யான்டோ இறந்த மறுநாள் வெள்ளிக்கிழமை, கதையின் கடைசிப் பகுதியில் இன்னொரு மரணம் நிகழ்கிறது. வேற்றுக் கிரகத்து ஜீவன்களை விரட்டுவதற்கு ஒரே ஒரு குழந்தையின் உயிர் தேவைப்படுகிறது. காப்டன் ஜாக் தன் மகள் கதறக் கதற, தன் சொந்தப் பேரனைப் பலி கொடுக்கிறான். முந்திய நாள் மரணத்தைவிட இது எவ்வளவோ கொடியது. ஆயினும் கார்டிப் நீர்த்துறையில் அந்தச் சிறுவனுக்கென்று மலர்ச் சுவர் எழும்பவில்லை.

ஏன்? அந்தச் சிறுவனை ஜனங்களுக்கு ஐந்து நாட்களாகத்தான் தெரியும். யான்டோவை மூன்று வருஷங்களாகத் தெரியும். தெரிந்தவனுக்கு அழுகிறோம், தெரியாதவனுக்குப் பெருமூச்சு விடுகிறோம். மனித சுபாவம் இது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பயப்பட ஏதோ இருக்கிறது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்த மந்திரிகள் செய்ததும் இதைத்தானே? தங்களுக்குத் தெரிந்த குழந்தைகளைக் காப்பாற்றிக்கொண்டு, தெரியாத குழந்தைகளின் பெயரைப் பட்டியலில் எழுதினார்கள். அவர்கள் அரக்கர்கள் அல்லர். முகம் தெரியாதவர்களிடம் இரக்கம் சுரக்காத சாதாரண மனிதர்கள்.

அப்படியானால் யான்டோவுக்காக அழுதவர்களும் அந்த மந்திரிகளும் ஒன்றுதானா என்று யாராவது கேட்டால், இல்லை என்று திட்டமாகச் சொல்லலாம். காரணம், அவர்கள் அடுத்தபடியாகச் செய்த காரியம். யான்டோவைத் திரும்ப அழைத்து வாருங்கள் என்று கோரிக்கை விட்ட ரசிகர்களில் ஒரு பகுதியினர், பி.பி.சி. அலுவலகத்துக்குக் காப்பிப் பொட்டலங்களை அனுப்பினார்கள். எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தவனின் ஞாபகார்த்தமாக! இது வேடிக்கை. ஆனால் அதோடு நிற்கவில்லை. பிரிட்டனில் கஷ்டப்படும் குழந்தைகளுக்காகப் பணம் திரட்டும் பி.பி.சி.யின் தர்ம நிதி ஒன்று 1980 முதல் நடந்து வருகிறது. யான்டோவின் பெயரால் அந்த நிதிக்குப் பணம் அனுப்புங்கள் என்று அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பல தேசங்களிலிருந்து பணம் வந்தது.

இதன் பொருளைக் கவனியுங்கள். கதையில் யான்டோ இறந்தது குழந்தைகளை விட்டுக்கொடுக்கமாட்டேன் என்று சொன்னதற்காக. அவனுக்காக அழுதவர்களின் பணம் போய்ச் சேர்ந்தது, முகம் தெரியாத உண்மைக் குழந்தைகளுக்கு. கதையில் வந்த மந்திரிகள் எந்தக் குழந்தைகளைப் பட்டியலில் எழுதினார்களோ, அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு! தெரிந்தவனுக்காகப் பிறந்த கண்ணீர், தெரியாதவர்களிடம் போய்ச் சேர்ந்தது. கதை எழுதியவர்கள் இதைவிட நல்ல பரிசை எதிர்பார்த்திருக்க முடியாது.

அமெரிக்காவிலும் இதேதான் நடந்தது. லெக்ஸாவின் மரணத்துக்குப் பிறகு கோபத்தோடு திரண்ட ரசிகர்கள், தற்கொலை எண்ணத்துக்கு ஆளாகும் ஒருபால் காதலர்களான இளைஞர்களுக்கு உதவும் 'ட்ரெவர் பிராஜெக்ட்' என்ற ஸ்தாபனத்துக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். மறுவருஷம் 2017 மார்ச் மாதத்தில் லாஸ் வேகாஸ் நகரில் மகாநாடு ஒன்றைக் கூட்டினார்கள். தங்களைப் போன்றவர்களை டெலிவிஷனிலும் சினிமாவிலும் எப்படிச் சித்திரிக்க வேண்டும் என்று எழுத்தாளர்களையும் நடிகைகளையும் வைத்துக்கொண்டே விவாதித்தார்கள். வசை பாடியவர்களின் குரல் சில வாரங்களில் ஓய்ந்துபோயிற்று. காரியம் செய்தவர்களின் குரல் வருஷக் கணக்காகக் கேட்டது.

நாம் சொல்வது

கதையைப் பார்த்து அழுகிறவர்களைக் கேலி செய்யாதீர்கள். ஒரு கதைக்காகக்கூட அழத் தெரியாதவன் நிஜத்துக்காக அழுவான் என்று உத்தரவாதம் கிடையாது. எவரும் பார்க்காத இடத்தில், எந்த லாபமும் இல்லாமல், இல்லாத ஒருவனுக்காக ஒரு துளி கண்ணீர் சிந்துவது மனம் இன்னும் வறண்டுவிடவில்லை என்பதற்கு அத்தாட்சி.

அழுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கோபம் வரும்போது, எதிரே இருப்பவர் கதாபாத்திரமா, மனிதரா என்று ஒரு கணம் யோசியுங்கள். எழுதியவருடைய கதையோடு சண்டை போடுங்கள். அவருடைய வீட்டு வாசலுக்குப் போகாதீர்கள்.

டெலிவிஷன் தொடர் எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மூன்று வருஷம் ஒருவனை எங்கள் வீட்டுக் கூடத்துக்கு அழைத்து வந்து உட்கார வைத்தவர்கள் நீங்கள். அவனை அழைத்துக்கொண்டு போகும்போது, அவனுக்கு உரிய மரியாதையோடு அழைத்துச் செல்லுங்கள். எங்கள் கண்ணீரை நாங்கள் மறுக்கவில்லை. அது வீணாகக்கூடாது என்றுதான் கேட்கிறோம்.

மெர்மெய்ட் கீ நிர்வாகத்தார் அந்த மலர்களைக் குப்பை என்று வாரிக் கொட்டிவிடவில்லை. அவை இருக்க இடம் கொடுத்ததோடு, குழந்தைகளைக் காக்க உயிர் கொடுத்தவன் என்ற கருத்துப்பட ஓர் அறிவிப்புப் பலகையும் வைத்தார்கள். பத்து வருஷங்கள் கடந்த பிறகும் பல தேசத்து ரசிகர்கள் அங்கே வந்து புதிய கடிதங்களைச் சேர்த்துவிட்டுப் போனார்கள். நூற்றுக்கணக்கான கோடி ரூபாய் செலவில் எழுப்பிய சிலைகள் எத்தனையோ நகரங்களில் காக்கைகளுக்கு மட்டும் உபயோகப்பட்டு வருகின்றன. பிறக்காத ஒருவனுக்கு எழுந்த இந்த நினைவுச் சுவருக்குச் செலவு மழையில் நனையும் சில காகிதங்களே.

ஆயிரம் வருஷம் கழித்து என்னை மறந்துவிடுவாய் என்று யான்டோ சொன்னான். ஆயிரம் வருஷத்தைப் பற்றி யார் சொல்ல முடியும்? ஆனால் அவன் பெயரால் அனுப்பிய பணத்தில் எங்கோ ஒரு குழந்தை ஒரு வேளை வயிறார உண்டிருந்தால், மறக்கமாட்டேன் என்று ஜாக் கொடுத்த வாக்கை ரசிகர்கள் நிறைவேற்றிவிட்டார்கள் என்றே நாம் சொல்வோம்.